பதினோரு பேர் எழுதிய ஏஞ்சலின்

ஏஞ்சலின் எம்.எட். சேரப் போன அன்றைக்கு அவளுக்கு ஒரு தையல் மிஷினைக் கொடுத்துவிட்டார்கள்.

கல்லூரி, திருவள்ளூரைத் தாண்டித் திருவாலங்காடு போகிற வழியில், நெல்வயல்களுக்கு நடுவே இருந்தது. வாசல் வளைவில் 'பேரன்பு சிறப்புக் கல்வியியல் கல்லூரி' என்று எழுதி, பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும் ஒரு குழந்தையை வரைந்திருந்தார்கள். அது வெள்ளைக்காரக் குழந்தை. உள்ளே பந்தல் போட்டு ஏதோ விழா நடந்துகொண்டிருந்தது. இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியும் கையில் ஊன்றுகோலுமாக ஏஞ்சலின் ஆட்டோவை விட்டு இறங்கியதுதான் தாமதம், புடவை கட்டிய இரண்டு பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் அட்மிஷனுக்கு வந்துக்கிறேன்," என்றாள் ஏஞ்சலின்.

"எல்லாருக்கும் கெடைக்கும்மா, தள்ளாத," என்றாள் ஒருத்தி.

மேடைக்குக் கீழே ஒரு தையல் மிஷினுக்குப் பின்னால் அவளை நிற்கவைத்தார்கள். கல்லூரி முதல்வர் முனைவர் துளசிராமன் மிஷினின் ஓர் ஓரத்தைத் தொட்டார். போட்டோக்காரர் அவளைச் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்குள் வெளிச்சம் அடித்து முடிந்தது. உடனே அவளை நகர்த்திவிட்டு, அதே மிஷினுக்குப் பின்னால் கண் தெரியாத ஒரு பெரியவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அன்றைக்குப் பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த மிஷின் வழங்கப்பட்டது. சாயங்காலம் அது விடுதிக் காப்பாளர் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

கூட்டம் கலைந்தபின் முதல்வர் அறையில் அவளைப் பார்த்த துளசிராமன், "மிஷின் எல்லாம் முடிந்துவிட்டதே அம்மா," என்றார்.

"எம்.எட். படிக்க வந்தேன் சார்."

"யார் படிக்க?"

"நான்தான் சார்."

துளசிராமன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரலில் எப்போதும் ஒரு கனிவு ஒழுகிக்கொண்டேயிருக்கும். "இந்தக் கல்லூரியே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் அம்மா. உங்களை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிக் கையாள்வது, எல்லாம் இங்கே சொல்லித்தருகிறோம். ஆனால் உங்களில் ஒருவரே வந்து படிக்கக் கேட்பார் என்று பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்," என்றார்.

அலுவலக எழுத்தர் பூவராகவன் உள்ளே வந்து, இந்த வருஷம் இடமெல்லாம் காலியாகக் கிடப்பதைக் காதோடு சொன்னதும் அவகாசம் தேவைப்படவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

ஏஞ்சலினுக்குப் படிப்பு மேல் அப்படியொன்றும் தீராத ஆசை இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கொட்டகையில் அவள் ஒரு மையம் நடத்தினாள். மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளும் பேச்சு வராத குழந்தைகளுமாகப் பதினாலு பேர். அம்மா அப்பா எல்லாம் கம்பெனியில் ஷிப்ட்டு. மையம் வருவதற்கு முன்னால் அந்தக் குழந்தைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். ஸ்நேகா என்ற ஒன்பது வயதுப் பெண்ணை அவள் அம்மா ஜோதிலட்சுமி கட்டில் காலில் துப்பட்டாவால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அடுப்புப் பக்கம் போய்விடுவாளே என்ற பயம்தான். இப்போது அப்படியில்லை. ஆனால் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி, பொறுப்பாசிரியருக்கு பி.எட். போதாது, எம்.எட். வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் காட்டாவிட்டால் மையத்தை மூடவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்லூரியில் வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு. அந்த மூன்று நாளும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஜோதிலட்சுமி தன் வேலையை நைட் ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டாள். "நீ போய்ட்டு வாக்கா. நான் ஒக்காந்துகினே தூங்கிக்கிறேன்," என்றாள். அவள் தூங்கினாளா என்று ஏஞ்சலின் கேட்டதில்லை. கேட்டால் போகமுடியாது.

வகுப்பு மூன்றாவது மாடியில். கட்டடத்துக்கு முன்னால் கைப்பிடியெல்லாம் வைத்து அழகான சாய்தளம் ஒன்று கட்டியிருந்தார்கள். முதல் நாள் ஏஞ்சலின் அதில் ஏறிப் போனாள். அது நேராகப் போய் ஒரு சுவரில் முடிந்தது. சுவரில் விவேகத்தைப் பற்றி ஒரு பொன்மொழி எழுதியிருந்தது. அவள் திரும்பி இறங்கிவந்து பூவராகவனிடம் கேட்டாள்.

"ரூல்ஸ்ல ராம்ப் இருக்கணும்னுதான் மேடம் போட்டுக்குது," என்றார் பூவராகவன். "அது எங்க போவணும்னு போடல."

"லிப்ட்டு?"

"அது டெல்லிலேர்ந்து டீம் வர்றப்ப போடறது. டெய்லி போட்டா பழசாயிடும்ல." லிப்ட்டின் கதவில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

படி ஏறி அவள் போய்ச்சேர்ந்தபோது 'தடையற்ற சூழல்' என்ற தாளில் முதல் பாடம் முடிந்துகொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உண்மையான தடை படிக்கட்டு அல்ல, நம் மனப்பான்மைதான் என்று துளசிராமன் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாமதமாக வந்ததற்காக அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டு, அவள் உட்கார்ந்ததும் எல்லோரையும் ஒரு முறை கைதட்டச் சொன்னார். அது முதல் அவள் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். ஆப்சென்ட்டும் போட்டார்கள்.

அவளோடு படித்தவர்கள் பதினோரு பேர். திருநின்றவூரிலிருந்து மோனிகா என்று ஒரு சின்னப் பெண் ரயிலேறி வருவாள். பயந்த சுபாவம், படிப்பை முடித்தால் ஒரு வேலைக்குச் சிபாரிசு இருக்கிறதாம். மணிகண்டன் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார். பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர். மற்றவர்கள் ஏறக்குறைய மணிகண்டன்தான், சட்டை நிறம்தான் வேறு.

இரண்டாம் பருவத்தில் தனியாள் ஆய்வு வந்தது. ஆளுக்கொரு சிறப்புக் குழந்தையை எடுத்துக்கொண்டு, முதலில் சோதித்து, பிறகு பயிற்சி கொடுத்து, மறுபடி சோதித்து முன்னேற்றத்தை எழுதவேண்டும். இதற்கென்றே கல்லூரியில் 'மாதிரிச் சிறப்புப் பள்ளி' என்று ஓர் அறை இருந்தது. பூவராகவன் சாவி கொண்டுவந்து திறந்தார். வண்ணப் பந்துகள், மணிச்சட்டம், மரப் புதிர்கள் எல்லாம் கடையில் வாங்கின பொட்டலம் பிரிக்காமல் இருந்தன. கரும்பலகையில் 'இன்றைய வருகை 20' என்று எழுதியிருந்தது. மோனிகா விரலால் தொட்டுப் பார்த்தாள். பெயின்ட்.

"கொழந்தைங்க எப்ப சார் வருவாங்க?" என்று கேட்டாள்.

"கொழந்தைங்க வந்தா ரூம்பு இப்டி இருக்குமாம்மா?" என்றார் பூவராகவன்.

ஏஞ்சலின் எல்லோரையும் தன் மையத்துக்கு வரச் சொன்னாள். கும்மிடிப்பூண்டி தூரம், பெரியபாளையத்தில் பஸ் மாறவேண்டும், வெயில் என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். அப்போதுதான் மணிகண்டனுக்கு அந்த எண்ணம் வந்தது.

"எதுக்கு சார் அலையணும்?" என்று துளசிராமனிடம் கேட்டார். "நம்ம கிளாஸ்லயே ஒருத்தர் இருக்காங்களே."

எல்லோரும் ஏஞ்சலினைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏஞ்சலினும் திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று.

துளசிராமன் கண்களை மூடித் திறந்தார். "சிறப்புக் கல்வி ஆராய்ச்சியில் பெரிய சங்கடம் என்ன தெரியுமா? ஆய்வாளர் போகும்போது குழந்தை இருக்காது. குழந்தை இருக்கும்போது ஆய்வாளர் இருக்கமாட்டார். ஆனால் இந்த அம்மா தானாகவே வருகிறார், கட்டணம் கட்டிக்கொண்டு வருகிறார், வராவிட்டால் தேர்வு எழுதமுடியாது. இப்படி ஒரு வாய்ப்பு அமெரிக்காவில்கூடக் கிடைக்காது," என்றார்.

"சார், நான் ஸ்டூடண்ட்டு," என்றாள் ஏஞ்சலின்.

"அதை நாங்கள் தடுக்கவேயில்லை அம்மா."

"நம்ம கோர்ஸு மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது சார். எனக்கு கால்லதான்."

"மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருபத்தொரு வகை சொல்லியிருக்கிறது. நாம் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை," என்றார் துளசிராமன்.

மறுநாள் முதல் ஏஞ்சலின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து எழுதினார்கள். 'பயனாளி தன் கையாலேயே உண்கிறார். மீன் முள்ளைத் தாமே நீக்குகிறார். உற்றுநோக்கும்போது எரிச்சல் அடைகிறார்.' ஆய்வு அறத்தின்படி பெயரை வெளியிடக்கூடாது என்பதால் அவளுக்கு 'ஏ' என்று பெயர் வைத்தார்கள். மணிகண்டன் ஒரு வாரம் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தார். இன்னொருவர் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிக் காட்டினார். அவள் நூலகத்துக்குப் போனால் 'இடம் மாறும் நடத்தை' என்று குறித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். கழிவறைக் கதவைச் சாத்தும்போது வெளியே யாரோ கடிகாரம் பார்த்தார்கள்.

அவளுக்கு உட்கார்ந்தால் எழுந்து போகவேண்டும் போலிருந்தது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுகூட யாராவது பேனாவோடு இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறகு முன்சோதனை வந்தது. பயிற்சிக்குப் பிறகு முன்னேற்றம் காட்டவேண்டுமானால் பயிற்சிக்கு முன்னால் எதுவும் தெரியாமல் இருக்கவேண்டும். ஏஞ்சலினுக்கு எல்லாம் தெரிந்திருந்தது பெரிய இடைஞ்சலாகப் போயிற்று. மோனிகாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கோச்சிக்காதீங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணச் சொல்வேன். அஞ்சோட நிறுத்திக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"நீங்க பத்து சொன்னா நான் பெயிலுக்கா." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. ஏஞ்சலின் ஐந்தோடு நிறுத்தினாள். ஒருத்திக்கு நிறுத்தியபின் மற்றவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டில் அவள் அப்பா மோசஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரும்பாலையில் உலை முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். பெண் மேல்படிப்புப் படிக்கிறாள் என்று தெருவில் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"இன்னிக்கு இன்னா நடத்தினாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு வரைக்கும் எண்ணினேன்பா."

மோசஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "போகப் போக மேல சொல்லிக் குடுப்பாங்க," என்றார்.

சொல்லிக்கொடுத்தார்கள். தை மாதத்துக்குள் அவள் பத்து வரை எண்ணினாள். மாசியில் நூறு. அதற்கப்புறம் தன் பெயரைப் படித்தாள். மணிகண்டனின் ஆய்வில் அவள் பொத்தான் போடும் திறன் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றாறு விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நூறு போட்டால் நம்பமாட்டார்கள் என்று நாலு விட்டுவைத்தார்.

ஏஞ்சலின் தன் ஆய்வுக்கு ஸ்நேகாவை எடுத்துக்கொண்டிருந்தாள். தாகம் எடுத்தால் ஸ்நேகாவுக்குச் சொல்லத் தெரியாது. சுவரில் நெற்றியை மோதிக்கொள்வாள். ஒரு வருஷத்துக்கு மேல், மையத்தில் இருந்த நாளெல்லாம், மோதும் முன்பே ஏஞ்சலின் ஒரு பிளாஸ்டிக் குவளையை அவள் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே தன் பக்கம் நீட்டவைத்து, தண்ணீர் ஊற்றினாள். பல நாள் குவளை பறந்து முகத்தில் விழுந்தது. ஒரு மத்தியானம் ஸ்நேகா தானே எழுந்து போய்க் குவளையை எடுத்துவந்து, நைட் ஷிப்ட்டு முடிந்து சுவரோரம் அசந்து கிடந்த ஜோதிலட்சுமியின் கையில் வைத்தாள். ஜோதிலட்சுமி விழித்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் குவளை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஏஞ்சலின் இதை உள்ளது உள்ளபடி எழுதினாள்.

துளசிராமன் அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "குழந்தை குவளையை நீட்டுகிறது. சரி. எத்தனை விழுக்காடு?"

"அவளுக்கு தாகம் எடுத்தா கேக்கறா சார்."

"ஒன்றரை வருஷத்தில் ஒரே ஒரு குவளை. உங்களோடு படித்தவர்கள் எல்லாம் ஒரே பருவத்தில் எங்கே கொண்டுபோயிருக்கிறார்கள் பாருங்கள். நீங்கள் உழைப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் உங்களுடைய அந்த... நிலையில், உங்களால் இவ்வளவுதான் முடியும் என்றும் எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் எண்களை மாற்றிப் போட்டுக்கொண்டு வாருங்கள் அம்மா."

அவள் மாற்றவில்லை. அப்படியே கட்டிக் கொடுத்தாள்.

இரண்டாம் வருஷக் கடைசியில், வாய்மொழித் தேர்வு அன்று வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வந்தார். அவருக்காக லிப்ட்டின் பிளாஸ்டிக்கை உரித்திருந்தார்கள். ஏஞ்சலின் அதை நோக்கிப் போனபோது பூவராகவன் குறுக்கே வந்து, "இன்னிக்கு கெஸ்ட்டுக்கு மட்டும் மேடம்," என்றார். அவள் படியேறினாள்.

தேர்வாளர் பெரிய படிப்பாளி. மேஜையில் பன்னிரண்டு ஆய்வேடுகளையும் அடுக்கி வைத்திருந்தார். "பதினோரு ஆய்வுகளைப் படித்து முடித்தபோது என் கண் கலங்கிவிட்டது," என்று ஆரம்பித்தார். "ஏ என்கிற அந்தப் பெண். ஐந்துக்கு மேல் எண்ணத் தெரியாத ஒருத்தி நூறு வரை போயிருக்கிறாள். நீங்கள் மட்டும் ஏன் வேறு யாரையோ எடுத்தீர்கள்? ஏ-வை எடுத்திருந்தால் நன்றாக வந்திருக்குமே."

"நான்தான் சார் ஏ."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். போட்டுக்கொண்டு ஆய்வேட்டைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, நடைமுறைச் சிக்கல் ஒன்று தென்பட்டவர் போலக் கவலைப்பட்டார். "அப்படியானால் முதல்வர் அவர்களே, எண்ணக்கூடத் தெரியாத ஒருவருக்கு எம்.எட். இடம் எப்படிக் கொடுத்தீர்கள்?"

"சார், எனக்கு எண்ணத் தெரியும்," என்றாள் ஏஞ்சலின்.

"இப்போது தெரியும் அம்மா. சேரும்போது?"

"அப்பவும் தெரியும். இவங்க கேட்டாங்கன்னு தெரியாத மாதிரி சொன்னேன்."

துளசிராமன் கனிவோடு குறுக்கிட்டார். "பதினோரு பேர் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார்கள். பதினோரு பேரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இந்த அம்மா ஒருவர் மட்டும்தான் வேறு மாதிரி சொல்கிறார்."

"என்கிட்ட பி.எட். சர்ட்டிபிகேட் இருக்குது சார்."

"அதை வாங்கிய காலத்தில் உங்கள் நிலை என்ன என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லையே," என்றார் தேர்வாளர், உண்மையான வருத்தத்தோடு.

இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசினார்கள். ஆய்வுகள் தப்பு என்றால் பதினோரு பேரும் பெயில், கல்லூரியின் பேர் போய்விடும். ஆய்வுகள் சரி என்றால் ஏஞ்சலினின் சேர்க்கை செல்லாது. வேண்டுமானால், இப்போது தேறிவிட்டதால், முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேரலாம். கடைசியில் துளசிராமனுக்கு வழி தோன்றியது. ஒரு வெள்ளைத் தாளில் அவரே எழுதி அவள் பக்கம் தள்ளினார். 'ஏ என்பவர் ஏஞ்சலின் அல்ல என்று ஏஞ்சலின் ஆகிய நான் உறுதி கூறுகிறேன்.'

கதவு சரியாகச் சாத்தவில்லை. இடுக்கில் மோனிகாவின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மணிகண்டன் முழங்கையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்து நின்றார். மாட்டேன் என்று எழுந்து போய்விடலாம் என்றுதான் ஏஞ்சலினுக்கு முதலில் தோன்றியது. போனால், திங்கட்கிழமை பதினாலு வீட்டில் வெளியே பூட்டுத் தொங்கும்.

"கையெழுத்து போடறேன்," என்றாள். "ஆனா என்னோடது அப்டியே இருக்கணும். ஒரு நம்பரும் மாத்தக்கூடாது. ஸ்நேகா செஞ்சது அவ்ளோதான். அதுக்கே பாஸ் போடணும்."

"ரொம்பக் குறைவான மதிப்பெண்தான் வரும்," என்றார் தேர்வாளர்.

"வரட்டும் சார்."

ஒரு கையால் கையெழுத்துப் போட்டாள். இன்னொரு கை மேஜையைக் கவிழ்க்காமல் பிடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஏஞ்சலின் கடைசி. மணிகண்டன் முதல் வகுப்பு. சான்றிதழ் வந்ததும் அந்த அதிகாரி மையத்துக்கு வந்தார். கொட்டகை வாசலிலேயே நின்று சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு, குழந்தைகளைப் பார்க்காமலே அனுமதியைப் புதுப்பித்துவிட்டுப் போனார். ஜோதிலட்சுமி பகல் ஷிப்ட்டுக்குத் திரும்பினாள்.

ஆனி மாதம் பூவராகவன் போன் செய்தார். "மேடம், புது பேட்ச்சு சேந்துக்கிறாங்க. கேஸ் ஸ்டடிக்கு நீங்க வாரத்துல ரெண்டு நாள் வந்து போனீங்கன்னா... பஸ் சார்ஜ் குடுத்துடலாம்னு பிரின்சிபால் சொல்றாரு. உங்க பேர நம்ம காலேஜ் விளம்பரத்துலயும் போட்டுக்கிறோம்."

"அவங்கள இங்க அனுப்புங்க," என்றாள் ஏஞ்சலின். "இங்க பதினாலு கொழந்தைங்க இருக்குது."

"கேக்கறேன் மேடம். ஆனா வருவாங்களா தெரியல. கொழந்தைங்க இருக்குதுன்னு சொல்றீங்களே," என்றார் பூவராகவன்.

யாரும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை மோனிகா வந்தாள். திருநின்றவூரிலிருந்து சென்னை போய், அங்கே மாறி, கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்திருக்கிறாள். சிபாரிசு செய்த இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் சேரவேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றாள்.

"அக்கா, ஒரு கொழந்தையக்கூட பக்கத்துல பாக்காமயே நான் எம்.எட். முடிச்சிட்டேன்," என்றாள்.

ஏஞ்சலின் அப்போது ஒரு குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளே இன்னும் ஆறாமல்தான் இருந்தது.

ஸ்நேகா எழுந்து வந்து மோனிகாவை மேலும் கீழும் பார்த்தாள். அவள் துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு, அவள் காலடியிலேயே நின்றபடி ஒன்றுக்குப் போனாள். ஈரம் மோனிகாவின் பாதத்தைச் சுற்றிப் பரவிற்று. மோனிகா அசையாமல் நின்று, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு யாரு வருவாங்க?"

"நான் ஊட்டிகினு இருக்கேன்," என்றாள் ஏஞ்சலின். "பாக்கி இருக்கறது நீதான்."

மோனிகா சுடிதார் காலை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வாளி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.